கொண்டை சிவக்கப் பொடி எதுக்கு மருமகனே?

வா மருமகனே, உக்காரு. திண்ணையில தூசியா இருக்குன்னு பாக்காதே, உன் காலுசட்டை முழங்காலுக்கிட்ட ஏற்கெனவே கிழிஞ்சுதான கிடக்கு. கிழிச்சதுக்கும் சேத்துக் காசு வாங்கினான்னு உங்கம்மா சொன்னா.

உங்கம்மா இன்னொண்ணும் சொன்னா. வெள்ளன எந்திரிக்க முடியலைன்னா ஹார்மோனாம். தொப்பை போட்டா ஹார்மோனாம். தாடி ஒரு பக்கம் மட்டும் முளைச்சா ஹார்மோன், மேனேஜர்கிட்ட எரிஞ்சு விழுந்தா ஹார்மோன், பொண்ணு பாக்கப் போற அன்னிக்கு வயித்தைக் கலக்குனா அதுவும் ஹார்மோன். எங்க காலத்துல இம்புட்டுக்கும் சனி பகவான் ஒருத்தர்தான் பொறுப்பு. பாவம், இப்ப அவருக்கு வேலை போச்சு.

ராத்திரி ஷிப்டு பாத்துட்டு, பகல்ல அரைத்தூக்கம் தூங்கின கண்ணோட, சாயங்காலம் ஆறு மணிக்குப் போயி, தள்ளுபடி விலையில கிடைக்குதேன்னு தலையிலிருந்து கால் வரைக்கும் ரத்தப் பரிசோதனை பண்ணியிருக்கே. டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆம்பளை ஹார்மோன் இடத்துல கீழே பாத்து ஒரு அம்புக்குறி போட்டிருக்கான். அந்த அம்பு காகிதத்துல நிக்காம உன் நெஞ்சுல பாஞ்சிருச்சு. மறுநாளே ஜிம்மு மாஸ்டர் ஒரு டப்பா பொடியைத் தலையில கட்டிட்டு, இது போதலைன்னா ஊசியும் இருக்குன்னாராம். நான் சிரிக்கலைடா. வெத்திலைக் காம்பு தொண்டையில சிக்கிருச்சு.

மாட்டாஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்தவனுக்கு மனுசன் ஹார்மோனைப் பத்தி என்ன தெரியும்னு உன் மூஞ்சி கேக்குது. மனுசன் இந்தச் சமாச்சாரத்தைப் படிச்சதே கோழி, நாய், மாடு, பன்னி இதுககிட்ட இருந்துதான். டாக்டருக மாத்தலாகிப் போறப்ப விட்டுட்டுப் போன புத்தகமெல்லாம் நம்ம பரண்லதான் கிடக்கு. கரையான் பாதி படிச்சது, நான் பாதி படிச்சேன்.

ஆம்பளைத்தனம்னா என்னன்னு முதமுதல்ல பாடம் நடத்துனது சேவல். ஜெர்மனியில கோட்டிங்கன்னு ஒரு ஊரு. அங்க பெர்த்தோல்டுன்னு ஒரு வாத்தியாரு 1849-ல எழுதி வச்ச கதை. ஆறு சேவக்குஞ்சைப் பிடிச்சு விதையை எடுத்தாரு. ரெண்டை அப்படியே விட்டுட்டாரு. அதுக ரெண்டும் வளந்துச்சு, கொழுத்துச்சு, ஆனா கொண்டை வெளிறிச் சின்னதாப் போச்சு, கூவுறதில்லை, சண்டைக்கு நிக்கிறதில்லை, பெட்டை பக்கத்துல போனாக்கூட யாரோ அசலூர்க்காரி போறான்னு மேஞ்சுக்கிட்டிருக்கும். மிச்ச நாலுக்கும் ஆளுக்கொரு விதையை வயித்துக்குள்ள திருப்பி வச்சுத் தைச்சாரு. சிலதுக்கு அடுத்த சேவலோட விதை. அந்த நாலும் கொண்டை சிவந்து, கூவி, ஒண்ணோடொண்ணு கொத்தி, பெட்டையை விரட்டி, ஊருச் சேவல் மாதிரியே திரிஞ்சிருக்கு.

அப்புறம் அறுத்துப் பாத்தாரு. உள்ள வச்ச விதை புது இடத்துல ரத்தக்குழாய் பிடிச்சு உசுரோட இருந்துச்சு. பழைய நரம்பு ஒண்ணும் ஒட்டலை. அப்ப விதையில இருந்து என்னமோ ஒண்ணு ரத்தத்துல கலந்து கொண்டை வரைக்கும் போகணும்லன்னு கணக்குப் போட்டு நாலே பக்கத்துல எழுதினாரு. அம்பது வருசத்துக்கு அதைப் பெருசா யாரும் சீண்டலை. இன்னிக்கு நீ சொல்ற ஹார்மோன் அம்புட்டும் அந்த நாலு பக்கத்துலதான் ஆரம்பம். எச்சில் சுரப்பிக்கு வாய்க்குத் திறக்கிற குழாய் இருக்கு. ஹார்மோன் சுரப்பிகளுக்குக் குழாய் கிடையாது, ஹார்மோன் நேரா ரத்தத்துலதான் இறங்கும். ஒடம்பெல்லாம் சுத்தும், ஆனா எந்த உறுப்புல அதைப் பிடிச்சுக்கிற ஏற்பாடு இருக்கோ அங்க மட்டும்தான் வேலை நடக்கும். கூவினது யாருன்னு அந்தச் சேவலைக் கேட்டுப் பாரு, நான்தான்னு மாரைத் தட்டும். வயித்துக்குள்ள தைச்சு வச்ச சமாச்சாரம் அதுக்கெங்க தெரியும்?

நம்ம தொழுவுலயும் இதே கதைதான். பர்டிசோ இடுக்கி வச்சு விதைக்குப் போற ரத்தக்குழாயை நசுக்கினா தோல்ல ஒரு பொட்டு ரத்தம் வராது, ஆனா காளை ஏர்மாடு ஆயிரும். திமில் பெருக்காது. இளசுலேயே காயடிச்சிட்டா, கூடப்பிறந்த பொலிகாளையைவிடக் கால் நீண்டு உசரமாக்கூட வளரும். ஏன்னு கேளு. எலும்பு நுனியில வளர்ற பாகத்தை, போதும்டான்னு மூடி வைக்கிறதும் இந்த ஹார்மோன்தான். அது இல்லைன்னா மூடுறது தாமசப்படும். வெள்ளாட்டுக் கிடா நாத்தமும் அதே வரவுதான், காயடிச்ச கிடா பக்கத்துல மூக்கைப் பொத்தாம உக்காரலாம். நீ அடிச்சுக்கிட்டு வந்திருக்கியே ஒரு சென்ட்டு, அதுக்குக் கிடாவே தேவலை.

உன் பொடி டப்பாவுக்கும் ஒரு பாட்டன் உண்டு மருமகனே. பாரிஸ் பட்டணத்துல பிரவுன்-செக்கார்னு பெரிய விஞ்ஞானி. சாதாரண ஆளில்லை, முதுகுத்தண்டு நரம்பைப் பத்தி இன்னிக்கும் அவர் பேரைச் சொல்லிப் பாடம் நடத்துறாக. 1889-ல அவருக்கு 72 வயசு. நாய் விதை, கினிப்பன்னி விதையை அரைச்சு, தண்ணியில கரைச்சு, வடிகட்டி, தனக்குத்தானே ஊசி போட்டுக்கிட்டாரு. நேரா அறிஞர்கள் சபைக்குப் போயி, எனக்கு இளமை திரும்பிருச்சுன்னாரு. மாடிப்படியில ஓடுறேன், எடை தூக்குறேன், ரொம்ப நேரம் நின்னு வேலை பாக்குறேன்னு பட்டியல். அதோட விட்டாரா? மூத்திரம் முன்னைக்கி இப்ப கால்வாசி தூரம் கூடுதலாப் போகுதுன்னு அளந்து வேற சொன்னாரு. அளந்தவரு விஞ்ஞானி, அதனால அது விஞ்ஞானம். நம்மூருல இதை அளந்தா வேற பேரு.

சீமை முழுக்க அந்தச் சாறுக்கு அடிதடி. கடைசியில பாத்தா, விதை அந்த ஹார்மோனைச் சேத்து வைக்கிறதே இல்லை, செய்யச் செய்ய ரத்தத்துல விட்டுரும். தண்ணியிலயும் அது லேசுல கரையாது. அவரு ஏத்திக்கிட்டதுல இருந்தது நம்பிக்கை மட்டும்தான். அஞ்சு வருசத்துல, 1894-ல, போய்ச் சேந்துட்டாரு. 1920-கள்ல அதே பாரிஸ்ல வொரொனாஃப்னு இன்னொருத்தர் குரங்கு விதையை வில்லை வில்லையா நறுக்கி, காசுள்ள கிழவனுகளுக்கு வச்சுத் தைச்சாரு. காசு போச்சு, குரங்கும் போச்சு. இப்ப அது டப்பாவுல வருது, மேல சிங்கப் படம் போட்டு.

சரி, அம்புக்குறிக்கு வாரேன். இந்தச் சங்கதியில எம்புட்டுங்கிறதுதான் விசயம். உங்க அத்தை தினமும் ஒரு தைராய்டு மாத்திரை முழுங்குறா பாரு. அதுல மருந்து 100 மைக்ரோகிராம், மிச்சமெல்லாம் மாவு. ஒரு கிராம் மருந்து இருந்தா பத்தாயிரம் நாளுக்கு வரும், 27 வருசத்துக்கு மேல. அம்புட்டுக்காணு அளவு கொஞ்சம் குறைஞ்சதுக்கே அவளுக்கு முடி கொட்டி, குளிரு தாங்காம, உக்காந்த இடத்துலயே கண்ணசந்தா. கொஞ்சம் கூடிப்போனா நெஞ்சு படபடத்து, மேலு வேர்த்து, என்கூடச் சண்டைக்கு நிப்பா. ஹார்மோன் இல்லாமலும் நிப்பா, அது வேற கதை. காப்பியோட சேத்து முழுங்கிட்டு மாத்திரை கேக்கலைன்னு டாக்டரை வஞ்சுக்கிட்டிருந்தா. வெறும் வயித்துல தண்ணியில முழுங்கி அரைமணி நேரம் கழிச்சுக் காப்பி குடின்னாரு அவரு. அரைமணி நேரம் காப்பி இல்லாத அவ முகத்தை நான்ல பாக்க வேண்டியிருக்கு.

இந்த அளவைக் காவல் காக்கிறது மூளைக்கு அடியில, மூக்குத்தண்டுக்கு நேர் பின்னால, பட்டாணி கணக்கா தொங்குதே, பிட்யூட்டரி, அதுதான். நம்ம கண்மாய் நீர்ப்பாய்ச்சியை நினைச்சுக்கோ. வயலைப் பாப்பான். தண்ணி காஞ்சிருந்தா மடையைத் திறப்பான், நிறைஞ்சிருந்தா அடைச்சிட்டு வீட்டுக்குப் போயிருவான். நீ அவசரப்பட்டு லாரியில தண்ணி கொண்டாந்து வயல்ல கொட்டுனா அவன் என்ன செய்வான்? நிறைஞ்சு கிடக்குன்னு மடையைச் சாத்திட்டுப் படுத்துருவான். ஜிம்மு மாஸ்டரு ஊசி அந்த லாரித் தண்ணி. வெளிய இருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏறினதும், உள்ள விதைக்கு வேலை சொல்ற உத்தரவைப் பிட்யூட்டரி நிறுத்திரும். வேலையில்லாத விதை சுருங்கும். விந்துல அணு குறையும், சிலபேருக்கு அத்துப்போறதும் உண்டு. ஊசியை நிறுத்தினாலும் பழையபடி எந்திரிக்க மாசக்கணக்காகும். கையில புடைச்சிருக்கிறதை ஊரே பாக்கும் மருமகனே, சுருங்கினதைப் பாக்கிறவ கட்டிக்கிட்டு வாரவதான்.

நான் ஊசி போடலை மாமா, பொடி மட்டும்தானேங்கிறே. இந்த மாதிரிப் பொடியில ரெண்டு வகை. டப்பாவுல எழுதாத மருந்தைக் கள்ளத்தனமாக் கலந்தது ஒண்ணு, கலக்காதது ஒண்ணு. முதல் வகையில விதை சுருங்கும், ரெண்டாவது வகையில சட்டைப்பை சுருங்கும்.

குறைஞ்சதுக்குக் காரணம் வேணும்னா உன் தொப்பையைத் தட்டிக் கேளு. அது சும்மா தொங்கலை. வீட்டுல நீ செய்யாத வேலையெல்லாம் அது செய்யுது. கொழுப்பும் ஒரு சுரப்பி மாதிரி வேலை பாக்கும்னு 1994-ல லெப்டினைக் கண்டுபிடிச்சப்ப நல்லா வெளிச்சமாச்சு. கையிருப்பு இம்புட்டு இருக்குன்னு மூளைக்குச் சேதி சொல்ற ஹார்மோன் அது. அதோட, உனக்கு ஊறுற டெஸ்டோஸ்டிரோன்ல கொஞ்சத்தைப் பிடிச்சு ஈஸ்ட்ரோஜனா மாத்துறதும் அதே கொழுப்புதான். ராத்திரி ஒரு மணிக்கு போன்ல தட்டி பரோட்டா வரவழைக்கிறியே, அது வயித்தோட நிக்கலை.

பரோட்டான்னதும் இன்சுலின் ஞாபகம் வருது. 1922 ஜனவரியில கனடாவுல, டொரான்டோ ஆஸ்பத்திரியில, லெனார்டு தாம்சன்னு 14 வயசுப் பையன். சர்க்கரை வியாதியில எலும்பும் தோலுமாக் கிடந்தான். பான்டிங், பெஸ்ட்டுன்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க செஞ்ச கணையச் சாறை முதல்ல ஏத்தினப்ப ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ் கட்டுச்சே தவிர ஒண்ணும் பலிக்கலை. கோலிப்புன்னு ஒருத்தர் ராப்பகலா அதைச் சுத்தப்படுத்திக் குடுக்க, 12 நாள் கழிச்சுப் போட்ட ஊசியில பையன் எந்திரிச்சு உக்காந்தான். அடிமாட்டுத் தொட்டியில இருந்து வந்த மாட்டுக் கணையம் மருமகனே. அப்புறம் 60 வருசம் உலகத்துல சர்க்கரைக்காரன் பொழைச்சது மாடும் பன்னியும் போட்ட பிச்சையில. பாக்டீரியாவை வச்சுச் செஞ்ச மனுச இன்சுலின் 1982-லதான் விற்பனைக்கு வந்துச்சு. 51 அமினோ அமிலம் கோத்த சரடு அது. மாட்டுக்கும் மனுசனுக்கும் அதுல மூணு இடத்துலதான் வித்தியாசம். பன்னிக்கும் மனுசனுக்கும் ஒரே ஒரு இடம். உன் மேனேஜரை நீ திட்டுறப்ப இதை மனசுல வச்சுக்கோ, ரொம்பத் தப்பாச் சொல்லிறலை.

இப்ப மாட்டுக்கு வாரேன். இதுல நான் டாக்டருகளுக்கே சொல்லிக்குடுப்பேன். கன்னுக்குட்டியை அவுத்துவிட்டதும் அது மடியை முட்டுது பாத்திருக்கியா? நீ எங்க பாத்தே, உனக்குப் பால் பாக்கெட்டுல சுரக்கும். அந்த முட்டு நரம்பு வழியா மூளைக்குப் போகும். பிட்யூட்டரியோட பின்பக்கத்துல இருந்து ஆக்ஸிடோசின் ரத்தத்துல இறங்கும். மடிக்குள்ள பாலைப் பிடிச்சு வச்சிருக்கிற நுணுக்கமான பையைச் சுத்தித் தசை இருக்கு, அதை இது சுருக்கும். ஒரு நிமிசத்துக்குள்ள காம்பு விறைச்சு, பால் இறங்கிரும். இதைத்தான் நாங்க சுரப்பு விடுறதுங்கோம். அந்த வேகம் சில நிமிசம்தான் நிக்கும், அதனால பீச்ச உக்காந்தவன் பராக்குப் பாக்கக்கூடாது. பழகின மாட்டுக்குக் கன்னுகூட வேண்டாம், செம்புச் சத்தம் கேட்டாலே போதும்.

கன்னு செத்துப்போனா அந்தக் காலத்துல தோலை உரிச்சு, உள்ள வைக்கோலை அடைச்சு, தாயி முன்னாடி நிறுத்துவாக. அது நக்கிக்கிட்டே சுரப்பு விடும். பாவமாத்தான் இருக்கும். ஆனா வாசனைக்கும் மூளைக்கும் பாலுக்கும் இருக்கிற சம்பந்தம் பள்ளிக்கூடம் போகாதவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு பாரு. இந்த ஹார்மோனை வின்சென்ட் டு விஞ்யோங்கிறவரு 1953-ல ஆய்வுக்கூடத்துலேயே செஞ்சு, 1955-ல நோபல் பரிசு வாங்கினாரு. ஒன்பதே அமினோ அமிலம். அதுக்கப்புறம் சில பால்காரனுக்கு வைக்கோல் கன்னும் வேண்டாம்னு ஆச்சு, மாட்டுக் கழுத்துல ஊசியைக் குத்திப் பீச்ச ஆரம்பிச்சான். அப்படிக் குத்துறது சட்டப்படி குத்தம். அந்த மருந்து பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி எடுக்கவும், பேறுக்குப் பின்னாடி ரத்தப்போக்கை நிறுத்தவும் இருக்கிற உசுருகாக்கிற மருந்து.

முக்கியமானதைக் கேளு. மாடு மிரண்டா என்ன ஆகும்? நாய் குரைச்சா, பீச்சுறவன் கம்பை ஓங்கினா, சிறுநீரகத்துக்கு மேல குந்தியிருக்கிற அட்ரினல்ல இருந்து அட்ரினலின் பாயும். மடிக்குப் போற ரத்தம் குறையும், ஆக்ஸிடோசின் வேலையும் நடக்காது. மடி நிறையப் பால் இருக்கும், ஒரு சொட்டு இறங்காது. மாடு பாலை அடக்கிக்கிருச்சுன்னு அதைப்போட்டு அடிக்கிறவனும் உண்டு, அடிக்க அடிக்க இன்னும் அடங்கும். உன் ஆபீசுல வாரத்துக்கு ஒருக்கா எல்லாரையும் நிக்க வச்சுக் கத்துறாகளாமே, வேலை நடக்கணும்னு. அந்த ஆளை ரெண்டு நாள் நம்ம தொழுவுல விட்டுப் பாரு.

தூக்கத்தைப் பத்திச் சொன்னா உனக்குக் கோவம் வரும், இருந்தாலும் சொல்றேன். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில முட்டைக் கோழிக்கு விளக்குப் போட்டு ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வெளிச்சம் காட்டுறாக. கோழிக்கு வெளிச்சம் மண்டையோட்டையும் தாண்டி மூளைக்குப் போயி, முட்டை வைக்கிற ஹார்மோனைக் கிளப்பும். நீயும் விடிய விடிய மூஞ்சிக்கு நேரா வெளிச்சத்தைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கே. முட்டைதான் வைக்கலை. மனுசனுக்கு இருட்டுனதும் மெலடோனின் ஊறி, ராவாச்சுன்னு ஒடம்புக்குச் சேதி சொல்லும். வெளிச்சம் பட்டா அது அடங்கிரும். விடியுறதுக்கு முன்னாடியே கார்டிசால் ஏறி, எந்திரிடான்னு ஒடம்பைத் தயார் பண்ணும். அது கூப்பிடுற நேரத்துலதான நீ படுக்கவே போறே.

2011-ல சிகாகோவுல ஒரு சோதனை நடத்தினாக. நல்ல ஆரோக்கியமான இளவட்டம் பத்துப் பேரை ஒரு வாரம் ராத்திரிக்கு அஞ்சு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு ரத்தம் எடுத்தாக. பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10-ல இருந்து 15 சதவீதம் இறங்கிருச்சு. ஒரே வாரத்துல. நீ எத்தனை வருசமா முழிச்சிருக்கே? உனக்கு வேண்டிய டப்பா தலகாணிதான்டா, அது பரண்ல இருக்கு, இலவசம்.

இன்னொண்ணு சொல்லட்டா, பயப்படாதே. கல்யாணம் ஆகிப் பிள்ளை பிறந்தா இன்னும் இறங்கும். பிலிப்பைன்ஸ் நாட்டுல செபு பட்டணத்துல 600-க்கு மேற்பட்ட வாலிபப் பயகளை நாலஞ்சு வருசம் தொடர்ந்து பாத்திருக்காக. முதல்ல யாருக்கு டெஸ்டோஸ்டிரோன் கூட இருந்துச்சோ அவனுகளுக்குத்தான் ஜோடி சேந்து பிள்ளை பிறக்கிற வாய்ப்புக் கூட இருந்திருக்கு. பிறந்தப்புறம் அதே ஆளுகளுக்கு அளவு நல்லா இறங்கியிருக்கு. தினமும் மணிக்கணக்காப் பிள்ளையைத் தூக்கிச் சுமந்தவனுக்கு இன்னும் இறக்கம். பிள்ளை பிறந்ததும் கூவுறதைக் குறைச்சுக்கிட்டுத் தொட்டில் ஆட்டுன்னு ஒடம்பே சொல்லுது. சின்னப் பிள்ளையில உன்னை நான்தான் தோள்ல போட்டுத் திரிஞ்சேன். எனக்கும் அன்னிக்கு எம்புட்டு இறங்குச்சோ, அந்தக் கணக்கை இன்னும் உங்கம்மாகிட்ட கேக்கலை.

பாக்க வேண்டியதை முறையாப் பாரு. அந்தப் பரிசோதனையைச் சாயங்காலம் எடுக்கக்கூடாது. டெஸ்டோஸ்டிரோன் காலையில ஏறி, பொழுதாக ஆக இறங்குற சாதி. நாலு நாள் நம்ம வீட்டுல கிடந்து, ஒன்பது மணிக்குப் படுத்துத் தூங்கு. அப்புறம் வெள்ளன, வெறும் வயித்துல போயி ரத்தம் குடு. குறைவா வந்தா இன்னொரு நாள் காலையில திரும்பக் குடு. ரெண்டு தடவையும் குறைஞ்சிருந்தா ஹார்மோனுக்குன்னே படிச்ச டாக்டரு இருக்காக, அவுககிட்டப் போ. நிசமாவே குறைபாடு உள்ளவனுக்கு அவுக அளந்து குடுக்கிற மருந்து நல்ல மருந்து. மாஸ்டருக்கு உன் கையோட சுத்தளவு தெரியும், அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது.

ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுல நெஞ்சு படபடன்னு அடிக்கும், நாக்கு வறளும். அட்ரினலின், வேற ஒண்ணுமில்லை. அந்தப் புள்ளைக்கும் சிறுநீரகத்துக்கு மேல அதே ரெண்டுதான் இருக்கு, அவளுக்கும் அடிக்கும். அங்க போயி உக்காந்து ஹார்மோன் கதையை எடுத்து விட்டுறாதே, அவுக அப்பா பள்ளிக்கூடத்துல உயிரியல் வாத்தியாரு.

நான் பால் பீச்சப் போறேன், நேரமாச்சு. நீ அந்தச் சென்ட்டோடயும், போன் வெளிச்சத்தோடயும் தொழுப்பக்கம் எட்டிப் பாத்துறாதே. புதுசா ஈன மாடு, அசலாளைக் கண்டா சுரப்பை அடக்கிக்கும். அப்புறம் உனக்கு வரக்காப்பிதான்.